பிள்ளைகளின் கட்டுரையும் பவணந்தியார் சொன்ன பத்துக் குற்றமும்

2018 ஆகஸ்டு வெள்ளத்தைப் பற்றி நம் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளைப் படிக்கும் வாய்ப்பு அடியேனுக்குக் கிட்டியது. "குடிக்க வெள்ளம் இல்லாமல் வெள்ளத்தில் நின்றோம்" என்று ஆலுவாப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்தானே! திருத்தியவர் முதல் வெள்ளத்தைச் சிவப்பு மையால் அடித்திருந்தார். சரிதான். அடுத்த வரி: "அம்மாவும் அக்காவும் அரிசி மூட்டையை மாடிக்கு ஏற்றியது." அதற்கும் ஒரு அடி, மதிப்பெண்ணும் போச்சு.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது? ஞான், நீ, அவன், அவள், அவர் எல்லாருக்கும் மலையாளத்தில் 'வன்னு' ஒன்றே. ஏ.ஆர். ராஜராஜவர்மா (1863–1918) 'கேரள பாணினீய'த்தில் இதற்குப் 'புருஷபேத நிராசம்' என்று பெயரிட்டு, மலையாளம் தமிழிலிருந்து வேறுபட்ட ஆறு வழிகளுள் ஒன்றாக வைத்தார். நாள் முழுக்க மலையாளம் கேட்கிற பிள்ளை விகுதியை விடுவதில் அதிசயமென்ன? வெறுமனே அடிக்காமல் 'வன்னு' பக்கத்தில் வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று எழுதிக் காட்டினால் தானே பிடிபட்டுவிடும்.

என் வருத்தம் வேறு. பரிசு பெற்ற கட்டுரையில் ஒற்றுப்பிழைகூட இல்லை. 'தந்த பலகை'க்கும் 'தந்தப் பலகை'க்கும் வேறுபாடு தெரிந்த கை. ஆனால் இரண்டு பக்கம் நீரின் பெருமை, ஒரு பக்கம் தமிழின் தொன்மை. வெள்ளம் வந்ததோ கடைசி நாலு வரியில்!

நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூலுக்குப் பத்துக் குற்றம் சொல்கிறார். (அவர் சமணர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்?) அந்தப் பத்தில் சொற்பிழையைச் சொல்வது 'வழூஉச்சொல் புணர்த்தல்' ஒன்றுதான். கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் இவையெல்லாம் பொருளையும் அதைச் சொல்லும் முறையையும் பற்றியவை. நம் திருத்தத்திலோ அந்த ஒன்றுக்கே மை முழுதும் தீர்ந்துபோகிறது.

மட்டாஞ்சேரியில் மிளகு வாங்கும்போது லிட்டருக்கு எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்ப்போம். காம்பு கிடந்தால் பொறுக்கிவிடலாம். உள்ளே ஒன்றுமில்லாத மிளகைப் பொறுக்கி என்ன செய்ய?

பரிசுக் கட்டுரைக்காரப் பிள்ளையிடம் முதல் மூன்று பக்கத்தை எடுத்துவிட்டு, தண்ணீர் வாசலுக்கு வந்த நேரத்திலிருந்து எழுதச் சொல்ல வேண்டும். ஆலுவாப் பெண்ணுக்கு 'ஏற்றியது' என்பதை 'ஏற்றினார்கள்' ஆக்கினால் போதும். நனைந்த மூட்டையிலிருந்து படிக்கட்டு முழுக்கச் சொட்டிய தண்ணீரையும் எழுதியிருக்கிறாள். அந்த வரியில் யாரும் கை வைக்க வேண்டாம்.