நெடுந்தீவுக்கு ஒரு கோடைப் பகல்

யாழ்ப்பாணத்திலிருந்து தாம்போதிகள் வழியே புங்குடுதீவு வரை பேருந்தில் வந்துவிடலாம். குறிகட்டுவான் துறையோடு தரை முடிகிறது. அங்கிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அரிசி மூட்டை, சீமெந்து, எரிவாயு சிலிண்டர் எல்லாம் நம்மோடு வரும். தீவுச் சனத்தின் அன்றாடப் படகு அது, நாம் விருந்தாளிகள். சோளகக் காற்றில் உப்புநீர் முகத்தில் அறைவதும் எனக்குப் பிடிக்கும்.

தீவில் நான் மிகவும் ரசிப்பது மதில்களை. பவளப்பாறைக் கற்களைச் சாந்தே இல்லாமல் அடுக்கியிருக்கிறார்கள், ஒழுங்கை ஒழுங்கையாக. குனிந்து பார்த்தால் கல்லின் மேனியில் பவளத்தின் நுண்ணிய பூவேலை தெரியும். எந்தக் கல் எதன்மேல் உட்காரும் என்று அறிந்த கைகள் அவை! கட்டாக்காலிக் குதிரைகள், பெருக்கு மரம், கோட்டை இடிபாடு எல்லாம் உண்டு. ஆனாலும் மதிலோரமாக நடக்க நேரம் வையுங்கள். திரும்பும் கடைசிப் படகு எப்போது என்பதை இறங்கியதுமே துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.