காஞ்சனாவுக்கு யார் வேஷம் கட்டுவது?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை. கிழக்கே, உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துச் சமவெளியில் கூவாகம். சித்திரைத் திருவிழாவில் அங்கே கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கைகள் அந்தக் கோயில் தெய்வமான அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேரோட்டத்துக்குப் பின் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்தி ஒப்பாரி வைக்கிறார்கள். அந்த ஒப்பாரியைக் கேட்டவர்கள், ஒரு திருநங்கையின் ஆவியைப் பற்றி 2011-இல் வந்த ‘காஞ்சனா’ படத்தின் நடிகர் தேர்வைச் சும்மா கடந்துபோக முடியாது.

முதலில் அந்தப் படம் சாதித்ததைச் சொல்ல வேண்டும். 1996-இன் ‘ஸ்க்ரீம்’ போன்ற அமெரிக்கப் படங்களில், பெரியவர்கள் இல்லாத வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கத்திக்கு இரையாவார்கள். கல்லூரி மாணவர்களை வைத்து அந்த வழியில் ‘விசில்’ (2003) வந்தது. ஆனால் நம் ஊரில் வேர்பிடித்தது குடும்பப் பேய்ப்படம்தான். ‘காஞ்சனா’வை இயக்கி நடித்த ராகவா லாரன்ஸ் அதற்குக் கண்டெடுத்த பலம், அம்மாவாகக் கோவை சரளா, அண்ணியாகத் தேவதர்ஷினி, அண்ணனாக ஸ்ரீமன். மாமியாரும் மருமகளும் சிரிக்க வைக்கவென்று எதையும் செய்வதில்லை, உண்மையாகவே பயப்படுகிறார்கள். சரளாவின் குரல் உடையும் இடமும் தேவதர்ஷினியின் முகம் வெளிறும் இடமும் ஒன்றையொன்று தூக்கிப் பிடிப்பதால் அரங்கு அதிர்கிறது. இந்த இருவர் இல்லாத ‘காஞ்சனா’வை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அடுத்தது சரத்குமார். ‘நாட்டாமை’யில் (1994) மீசையோடு தீர்ப்புச் சொன்ன அதே ஆள் இங்கே புடவை கட்டி வருகிறார். தோன்றுவது பெரும்பாலும் பின்கதையில்தான். பெற்றோர் கைவிட்ட காஞ்சனா இன்னொரு திருநங்கையை வளர்த்து மருத்துவம் படிக்க வைக்கிறாள். ஏழைகளுக்கு மருத்துவமனை கட்ட நிலம் வாங்குகிறாள். அந்த நிலத்துக்காகவே கொல்லப்படுகிறாள். சரத்குமார் குழையவில்லை, நெளியவில்லை. திருநங்கை என்றாலே கைதட்டிக் காசு கேட்கும் கேலிச்சித்திரமாகக் காட்டிப் பழகிய திரையில், ஒரு நட்சத்திரத்தின் கம்பீரம் அவளுக்கு வந்து சேர்ந்தது. அவள் பேசும்போது விசில் பறந்தது. இந்த மரியாதையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

சிக்கல் அதற்கு முந்தைய பகுதியில் இருக்கிறது. காஞ்சனாவின் ஆவி லாரன்ஸின் உடம்பில் இறங்கியதும் வளையலும் மஞ்சளும் ஒயிலான நடையும் சிரிப்புக்குரிய பொருளாகின்றன. பெண் சாயலுள்ள ஆண் என்றால் சிரிக்கலாம் என்று நெடுநேரம் பழக்கிவிட்டு, பிறகு அதே சாயலுக்காக அழச் சொல்கிறது படம். அழுதவர்கள் உண்மையாகத்தான் அழுதார்கள். ஆனால் வெளியே வந்து தெருவில் ஒரு திருநங்கையைப் பார்த்ததும் ‘காஞ்சனா’ என்று கூப்பிடும் பழக்கம் அந்தச் சிரிப்புக் காட்சிகளிலிருந்து வந்ததுதான்.

ஆண் பெண் வேடமிடுவதே தவறு என்று நான் சொல்லவரவில்லை. கூவாகம் பக்கத்துத் தெருக்கூத்தில் திரௌபதியாக நிற்பவர் ஆண் என்பது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். அங்கே எல்லாமே வேடம், அவர் விரித்த கூந்தலைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. சினிமாவோ தான் காட்டுவதை நிஜம் என்கிறது. வீடும் தெருவும் நிஜமாக இருக்க, திருநங்கைக்கு மட்டும் வேடதாரி போதும் என்பது எப்படி நியாயமாகும்?

ஆள் கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அதே 2011-இல் ‘நர்த்தகி’யில் கல்கி சுப்பிரமணியம் என்ற திருநங்கையே கதை நாயகி. ராமின் ‘பேரன்பு’வில் (2019) அஞ்சலி அமீர் மம்மூட்டிக்கு இணையாக வருகிறார்; அவருடைய மீரா யாரையும் பழிவாங்க வேண்டியதில்லை, செத்துப்போய் வலிமை பெறவும் வேண்டியதில்லை. காஞ்சனாவுக்கோ உயிரோடு இருந்தவரை ஒரு துண்டு நிலத்தைக்கூடக் காக்க முடியவில்லை. ஆவியான பிறகே எல்லாரும் அஞ்சுகிறார்கள்.

மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2014-இல் வந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, லாரன்ஸே இந்தக் கதையை இந்தியில் ‘லக்‌ஷ்மி’யாக எடுத்தார். கையில் பெரிய நட்சத்திரம் இருந்தது. ஆவி புகும் உடம்பு அக்‌ஷய் குமாருடையதாகவே இருக்கட்டும், பின்கதையின் திருநங்கை வேடத்தையாவது ஒரு திருநங்கைக்குக் கொடுத்திருக்கலாம். அதையும் சரத் கேல்கர் என்ற ஆண் நடிகரிடமே கொடுத்தார். அவர் நன்றாக நடித்தார் என்பது இந்தக் குறையைத் தீர்க்காது.