குறத்தி கூறும் நற்செய்தி

வழிபாட்டில் மகிழ்ச்சிக்கு எவ்வளவு இடம் தரலாம் என்னும் வினா தமிழ்க் கிறித்தவரிடையே பழமையானது. அடங்கி அமர்தலே பத்தி என்பர் ஒரு சாரார். பாடிக் களித்தலே பத்தி என்பர் மற்றொரு சாரார். மகிழ்ச்சி எது என்று இரு சாராரும் வரையறுப்பதில்லை. தமிழ் இலக்கியத்தின் துணைகொண்டு அதனை ஆராய்வோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் உவகையை இறுதியில் வைத்தார். செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கும் அதன் பிறப்பிடங்கள் என்றார். பெற்றதை நுகரும்போது எழுவதே உவகை என்று இதனால் கொள்ளலாம். அப்படியாயின், இழந்து நிற்பவன் உவகையோடு பாடுதல் எவ்வாறு பொருந்தும்?

இவ்வினா நம் அருகிலேயே எழுகின்றது. சிங்கப்பூரில் இன்றும் நல்லடக்கத்திற்குத் திறந்திருக்கும் ஒரே இடுகாடு சுவா சூ காங்கில் உள்ளது. 1998இல் நடப்புக்கு வந்த விதிப்படி அங்கே கல்லறைக்கும் 15 ஆண்டுகளே தவணை. அக்குழிக்கரையில் நின்று தமிழ்க் கிறித்தவக் குடும்பங்கள் கீர்த்தனை பாடுவதுண்டு. அழும் வாயே பாடவும் செய்கிறது. இது நடிப்பா, உண்மை உவகையா?

விடையைத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரிடம் (1774-1864) காணலாம். அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி, கோயிலிலும் அரசவையிலும் ஆடப்பெற்ற ஓர் இலக்கிய வகையைக் கிறித்தவப் பொருளுக்கு ஆக்கிக்கொண்டது. ஆடலும் பாடலும் நிறைந்த இவ்வகை வேதப்பொருளுக்கு ஏற்குமா என்று ஐயுறுவோர் அதன் உள்ளமைப்பை நோக்குதல் வேண்டும். குறவஞ்சித் தலைவி தலைவனைக் கண்டு காதலுற்றுப் பிரிவால் வாடுகின்றாள். குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்கின்றாள். தலைவன் இன்னும் வரவில்லை; அவன் வருவான் என்ற சொல் மட்டுமே வந்திருக்கிறது. அச்சொல்லைக் கேட்ட அளவில் தலைவி மகிழ்கின்றாள். பெறுமுன்னரே, பெறுவோம் என்னும் உறுதியால் பிறக்கும் உவகை இது. கிறித்தவர் நற்செய்தி என்று சொல்வதும் இத்தகையதே. குழிக்கரைப் பாட்டு இவ்வுவகையைச் சார்ந்தது. ஆகவே அது துயரை மறுப்பதன்று. பிரிவு இல்லையேல் குறத்திக்கும் வேலை இல்லை.

கீர்த்தனையின் வடிவமும் இதற்குத் துணை நிற்கின்றது. பல்லவி மகிழ்ச்சியைச் சொல்லும்; சரணங்கள் அதன் காரணத்தைச் சொல்லும். ஒவ்வொரு சரணத்தின் பின்னும் பல்லவி திரும்பி வரும்போது காரணம் அறிந்த மனத்தோடு அதனைப் பாடுகின்றோம். சரணங்களை விடுத்துப் பல்லவியை மட்டும் தாளம் அதிரத் திரும்பத் திரும்பப் பாடினால் எஞ்சுவது கிளர்ச்சியே. எல்லாச் சரணங்களையும் உயிரின்றி இழுத்துப் பாடினால் எஞ்சுவது கடமையே. முன்னதைப் பழிக்கும் முதியோரும் பின்னதைப் பழிக்கும் இளைஞரும் தத்தம் குறையையும் நோக்குதல் நன்று.

சாஸ்திரியாரிடமும் குறை உண்டு. அதை மறைத்தல் திறனாய்வு ஆகாது. 1820களில் புதிய மிஷனரிமார் சிலர் தமிழிசையையும் பூ அலங்காரத்தையும் வழிபாட்டிலிருந்து விலக்க முயன்றபோது அவர் துணிந்து எதிர்த்தார். இசைக்காக அவர் வாதாடியது தமிழுக்குச் செய்த தொண்டு. ஆனால் அதே வழக்கில், ஆலயத்தில் சாதிப் பிரிவினை நீடிக்கவும் வாதாடினார். அயலான் தன்னருகே அமர்வதைப் பொறாத உவகை எவ்வளவு இனிமையாகப் பாடப்பெற்றாலும் குறையுடையதே. அவர் தந்த பாட்டை ஏற்போம். அந்தப் பிரிவினையை ஏலோம்.

சுவா சூ காங் மண்ணில் அந்த வேறுபாடு இல்லை. யாவர்க்கும் தவணை ஒன்றே. அங்கே நின்று சரணங்களையும் விடாது பாடுவோரின் மகிழ்ச்சியே வழிபாட்டு மகிழ்ச்சிக்குச் சரியான உரைகல்.