2024: எனக்குப் பிடித்த பாட்டுகளும் செத்தவர்களின் குரலும்

வருஷக் கடைசியில் எனக்குப் பிடித்த பாட்டுகளை வரிசைப்படுத்துவதற்கு மூணு விதி வச்சிருக்கேன். ஒண்ணு, பாட்டு வந்து ஒரு மாசம் ஆன பிறகும் நானாகத் தேடிப் போய்க் கேட்டிருக்கணும். ரீல்ஸில் காதில் விழுந்தது கணக்கில் வராது. ரெண்டு, படம் ஓடுச்சா ஓடலையா என்பது எனக்குத் தேவையில்லை. மூணு, பழைய பாட்டாக இருந்தாலும் இந்த வருஷம் அதுக்குப் புது உயிர் வந்திருந்தால் சேர்த்துக்கலாம். இந்த வருஷம் அந்த மூணாவது விதிதான் பட்டியலையே புரட்டிப் போட்டது.

காரணம் இருக்கு. 2024-இல் தமிழ் சினிமாவில் செத்துப்போனவர்கள் மூணு பாட்டில் புதுசாகப் பாடினார்கள். ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா'. ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா குரல்கள். முன்னவர் 1997-இல் காலமானவர், பின்னவர் 2022-இல். ஜூன் 22 அன்று 'கோட்' படத்தின் 'சின்னச் சின்ன கண்கள்'. யுவன் இசையில், அந்த வருஷம் ஜனவரி 25 அன்று மறைந்த அவர் அக்கா பவதாரிணியின் குரல். செப்டம்பரில் 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ'. அனிருத் இசையில், 2011-இல் மறைந்த மலேசியா வாசுதேவன். மூணுமே ஏஐ வேலை.

இந்தத் தொழில்நுட்பம் நல்லதா கெட்டதான்னு பட்டிமன்றம் நடத்துற எண்ணம் எனக்கில்லை. பாட்டு நல்லா இருக்கா என்பதுதான் என் கேள்வி. அதுக்கு முன்னாடி, மென்பொருள் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் இது எப்படி நடக்குதுன்னு சுருக்கமாகச் சொல்லிடறேன். அது தெரியாமல் இந்தப் பாட்டுகளை விமர்சிக்க முடியாது.

முதலில், மறைந்தவர் பாடிய பழைய பதிவுகளிலிருந்து வாத்தியங்களை விலக்கி, குரலை மட்டும் பிரித்தெடுக்கணும். அந்தக் குரலை வச்சு ஒரு மாடலுக்குப் பயிற்சி கொடுக்கணும். அடுத்து, உயிரோடு இருக்கிற ஒரு பாடகர் புதுப் பாட்டை முழுசாகப் பாடணும். அவர் பாடியதில் இருக்கும் சொல், சுருதி, தாளம் எல்லாத்தையும் மாடல் அப்படியே வச்சுக்கிட்டு, குரலின் நிறத்தை மட்டும் மாத்திக் கொடுக்கும். பாட்டு விஷயத்தில் பரவலாகப் பயன்படும் வழி இது.

எந்த இடத்தில் மூச்சு எடுக்கணும், எந்த எழுத்தை அழுத்தணும், எங்கே கொஞ்சம் பின்தங்கி வந்து தாளத்தைப் பிடிக்கணும் என்பதையெல்லாம் முடிவு பண்ணுறது அந்த உயிருள்ள பாடகர்தான். மறைந்தவர் கொடுப்பது நிறம் மட்டும். இதை மனசில் வச்சுக்கிட்டு பட்டியலுக்குப் போகலாம். ஏழில் தொடங்கி ஒண்ணுக்கு வர்றேன்.

7. மனசிலாயோ (வேட்டையன்)

கொண்டாட்டப் பாட்டு, அந்த வேலையைக் குறைவில்லாமல் செய்யுது. 'பொதுவாக எம்மனசு தங்கம்', 'ஆசை நூறு வகை' என்று ரஜினிக்கு மலேசியா வாசுதேவன் பாடிய காலத்தை ஞாபகப்படுத்தணும் என்பது நோக்கம். ஞாபகம் வருது. ஆனால் ஞாபகம் வர்றதோடு நின்னுடுது. தீப்தி சுரேஷ் பாடும் இடம் வந்ததும் பாட்டு திடீர்னு விழிச்சுக்கிற மாதிரி எனக்குத் தோணுது. வாசுதேவன் குரல் வரும் இடங்கள் தாளத்தோட கட்டத்துக்குள்ள ஒழுங்காக உட்கார்ந்திருக்கு. அவர் பாட்டில் நான் தேடுற அந்தத் தெனாவட்டு இல்லை. பாடகர் பட்டியலில் அவர் மகன் யுகேந்திரன் பெயரும் இருப்பது ஒரு நல்ல விஷயம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்றேன்.

6. ஹே மின்னலே (அமரன்)

ஜி.வி.பிரகாஷ் இசை, கார்த்திக் நேத்தா வரிகள், ஹரிசரணும் ஸ்வேதா மோகனும் பாடியது. மெட்டில் பெரிய புதுமை எதுவும் கிடையாது. முடிவு தெரிந்த ஒரு ராணுவ வீரரின் கதையில் வரும் காதல் பாட்டு என்பதால், அந்தச் சந்தோஷத்தின் மேல் ஒரு நிழல் விழுந்துகிட்டே இருக்கு. பாடகர்கள் ரெண்டு பேரும் அந்த நிழலைக் கண்டுக்காத மாதிரிப் பாடுறாங்க. அது சரியான முடிவு. சோகத்தை முன்கூட்டியே குரலில் ஏத்தியிருந்தால் பாட்டு கெட்டிருக்கும்.

5. ஆச கூட (சாய் அபயங்கர்)

படம் எதிலும் இல்லாத தனிப்பாட்டு. சாய் அபயங்கரும் அவர் தங்கை சாய் ஸ்மிருதியும் பாடியது. பாடகர்கள் திப்பு, ஹரிணியின் பிள்ளைகள். அப்பா அம்மா குரலின் சாயலை ரெண்டு பேரிடமும் தேடிப் பார்த்தேன். அங்கங்கே லேசாகத் தட்டுப்படுது. ஆனால் பாடும் விதம் முழுக்க இந்தத் தலைமுறையுடையது. ரத்த வழியில் வரும் நிறத்தை வாங்கிக்கிட்டு, முடிவுகளைத் தாங்களே எடுத்திருக்காங்க. மேலே சொன்ன ஏஐ முறையோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதியான உதாரணம்.

4. மினிக்கி மினிக்கி (தங்கலான்)

மறுபடியும் ஜி.வி.பிரகாஷ். உமாதேவி எழுதி, சிந்தூரி விஷால் பாடியது. ரவிக்கை போட்டுப் பார்க்கும் பெண்களின் சந்தோஷம் பாட்டின் களம். இதை அழகாகப் பாடியிருந்தால் வீணாகியிருக்கும். சிந்தூரி தொண்டையைத் திறந்து, வெளியில் நின்னு கூப்பிடுற குரலில் பாடுறார். வயல்வெளியில் ஒரு வரப்பிலிருந்து இன்னொரு வரப்புக்குக் கேட்கணும்னு பாடினால் குரல் இப்படித்தான் வரும். வில்லியனூர் பக்கம் நாற்று நடவு பார்த்தவர்களுக்கு இந்தக் குரலை விளக்க வேண்டியதில்லை.

3. சின்னச் சின்ன கண்கள் (கோட்)

மூணு ஏஐ பாட்டில் எனக்கு நெருக்கமானது இது. இந்த மெட்டு உருவானபோதே அக்கா பாடணும்னு நினைச்சதாகவும், அவர் உடம்பு தேறி வந்ததும் பதிவு செய்யலாம்னு இருந்ததாகவும், ஒரு மணி நேரத்தில் அவர் இறந்த செய்தி வந்ததாகவும் யுவன் சொல்லியிருக்கார். அதாவது இந்தப் பாட்டில் பவதாரிணியின் குரல் யாரோ சந்தைக்காகத் தோண்டி எடுத்தது இல்லை. அவருக்காகப் போட்டு வச்ச இலை.

இருந்தாலும் விமர்சனம்னு வந்தால் ஒண்ணு சொல்லணும். 'பாரதி' படத்தின் 'மயில் போல பொண்ணு ஒண்ணு' பாட்டுக்காக அவர் தேசிய விருது வாங்கினார். அதைப் பக்கத்தில் வச்சுக் கேளுங்க. அங்கே ஒரு தயக்கம் இருக்கும். சொல்லுக்குள் நுழையும் முன்னாடி ஒரு நொடி வாசலில் நிக்கிற மாதிரி. அந்தக் கூச்சம்தான் பவதாரிணி. புதுப் பாட்டில் குரலின் நிறம் வந்துடுச்சு, அந்தத் தயக்கம் வரலை. தம்பியின் துக்கத்துக்காக இந்தப் பாட்டை எனக்குப் பிடிக்குது. அக்காவின் பாட்டாக அதை என்னால் கேட்க முடியலை.

2. கண்மணி அன்போடு காதலன் (குணா, 1991) மற்றும் போறேன் நா போறேன் (மெய்யழகன்)

ரெண்டையும் ஒரே இடத்தில் வைக்கிறேன். பிப்ரவரியில் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம், இளையராஜாவின் 33 வருஷப் பழைய பாட்டை எடுத்து நண்பர்களின் பாட்டாக மாத்திடுச்சு. கமலும் ஜானகியும் பாடின அதே பதிவு. ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. கமல் பேச்சாகச் சொல்வதை ஜானகி பாட்டாக வாங்குவதுதான் அதன் அழகு. அந்தப் பேச்சை எந்த ஸ்வரத்திலும் எழுதி வைக்க முடியாது. அனுமதி தொடர்பாக மே மாதம் இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. பதிவான பாட்டுக்கு உரிமை யாருக்கு என்பதற்கே இத்தனை சண்டை இருக்கும்போது, பதிவாகாத பாட்டைப் பாடும் குரலுக்கு உரிமை யாருக்கு?

அதே கமல், செப்டம்பரில் 'மெய்யழகன்' படத்தில் கோவிந்த் வசந்தா இசையில் 'போறேன் நா போறேன்' பாடினார். வயசு 69. குரல் கனத்திருக்கு, ஓரங்களில் கொஞ்சம் தேய்ந்திருக்கு. ஊரை விட்டுப் போனவனின் வலியைச் சொல்லும் படத்துக்கு அந்தத் தேய்மானம்தான் பொருத்தம். ஒரே வருஷத்தில் ஒரே மனுஷனை 36, 69 என்று ரெண்டு வயசிலும் கேட்டோம். மனுஷக் குரலுக்கு வயசாகும், வயசானதையே அது பாட்டுக்குள் கொண்டுவந்து போடும். மாடலுக்குள் இருக்கும் குரலுக்கு வயசே ஆகாது. அதுதான் அதன் வசதி. எனக்கு அதுதான் குறையும்.

1. நீ பொட்டு வச்ச தங்கக் குடம் (பொன்மனச் செல்வன், 1989)

35 வருஷப் பழைய பாட்டு 2024-இன் முதல் பாட்டா என்று சண்டைக்கு வராதீங்க. செப்டம்பர் 20 அன்று தமிழரசன் பச்சமுத்து இயக்கிய 'லப்பர் பந்து' வந்தது. கெத்து என்ற பாத்திரம் விஜயகாந்த் ரசிகர். அவர் மட்டையோடு இறங்கும்போதெல்லாம் இந்தப் பாட்டு. விஜயகாந்த் இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. படம் வந்த பிறகு பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் ரப்பர் பந்து மேட்ச் நடக்கும் மைதானத்தில், மைக் செட்காரர் ஆள் இறங்கும்போது இதைப் போடாவிட்டால் இறங்குறவனுக்குக் கோவம் வருது.

பாடியது யார்? மலேசியா வாசுதேவன். 'மனசிலாயோ' வெளியானதும் அதே மாசம்தான். ஒரே செப்டம்பரில் அவர் ரெண்டு தடவை திரும்பி வந்தார். ஒரு தடவை கணினி வழியாக, ஒரு தடவை சொந்தத் தொண்டையில். இதைவிட நல்ல சோதனையை யாரும் திட்டம் போட்டு நடத்த முடியாது.

ரெண்டையும் ஹெட்ஃபோனில் மாத்தி மாத்திக் கேட்டேன். குரலின் நிறத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. வித்தியாசம் வேற இடத்தில். 1989 பாட்டில் அவர் ஒவ்வொரு வரியையும் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார். சில சொற்களில் குரலை வேணும்னே முரட்டுத்தனமாக விடுறார், அடுத்த சொல்லில் கொஞ்சுறார். அடுத்து என்ன பண்ணுவார்னு தெரியாது. 2024 பாட்டில் தெரியும்.

இங்கே எங்க பக்கத்து விஷயம் ஒண்ணு. ஆடி மாசத்தில் கிராமத்துக் கோயில் திருவிழாவில் இன்னிசைக் கச்சேரி நடக்கும். குழுவில் ஒருத்தர் டி.எம்.எஸ். குரலில் பாடுவார், ஒருத்தர் எஸ்.பி.பி., ஒருத்தர் மலேசியா வாசுதேவன். இதுவும் நகல்தான். ஆனால் நகலெடுக்கும் ஆள் வியர்வையோடு எதிரில் நிக்கிறார். கை தட்டும்போது ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் தட்டுறோம். ஏஐ பாட்டில் அந்த ரெண்டாவது ஆளைத் திரைக்குப் பின்னாடி தள்ளிடலாம். எனக்குக் கவலை அங்கேதான்.

திரௌபதி அம்மன் கோயில் தெருக்கூத்து இன்னொரு வழியைக் காட்டுது. ஆகஸ்டில் பாரி இளவழகன் இயக்கி நடிச்சு, இளையராஜா இசையில் வந்த 'ஜமா' அந்த உலகத்தைப் பற்றிய படம். கூத்தில் வாத்தியார் செத்துப்போனால் அவர் குரல் போயிடும். ஆனால் எந்த இடத்தில் குரலைத் தூக்கணும், எங்கே ஆர்மோனியத்துக்கு விட்டுக்கொடுக்கணும் என்பதெல்லாம் சீடனிடம் இருக்கும். அவன் குரல் வாத்தியார் குரல் மாதிரியே இருக்காது. ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற பெரியவர்கள், இவன் இன்னார் வழி என்று முதல் விருத்தத்திலேயே சொல்லிடுவாங்க. அங்கே நிறம் போய் முடிவுகள் தங்குது. ஏஐ பாட்டில் முடிவுகள் போய் நிறம் தங்குது. ரெண்டில் எது அந்த மனுஷனுக்கு நெருக்கம் என்று கேட்டால், நான் கூத்து பக்கம்தான்.

அதுக்காக இதைத் தடை பண்ணணும்னு சொல்லவில்லை. 'திமிறி எழுடா' என் பட்டியலில் வரவில்லை, ஏன்னா ஒரு மாசம் கழிச்சு நான் அதைத் தேடிப் போகவில்லை. ஆனால் அந்தப் பாட்டுக்காக ரெண்டு குடும்பங்களிடமும் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாக ரஹ்மான் வெளிப்படையாகச் சொன்னார். அது எல்லாரும் பின்பற்ற வேண்டிய முறை. அதோடு ஒண்ணைச் சேர்க்கச் சொல்வேன். உண்மையில் மூச்சு விட்டுப் பாடின ஆளின் பெயரையும் மறைந்தவர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடணும். 'மனசிலாயோ' பாடகர் பட்டியலில் யுகேந்திரன் பெயர் இருப்பதை நல்லதுன்னு நான் சொன்னது இதனால்தான்.

அடுத்த வருஷம் இந்த மாதிரிப் பாட்டுகள் இன்னும் நிறைய வரும், இன்னும் துல்லியமாகவும் வரும். அந்தத் தயக்கத்தையும் தெனாவட்டையும்கூட ஒரு நாள் மாடல் கத்துக்கலாம். அதுவரைக்கும் என் விதி மாறாது: ஒரு மாசம் கழிச்சு நானாகத் தேடிப் போகணும். இந்த வருஷம் மலேசியா வாசுதேவனைத் தேடி நான் போனதெல்லாம் 1989-க்குத்தான்.