யாரும் ஆடாத பக்கம்

கிழக்கிந்தியக் கும்பினியாக உட்கார்ந்து இந்தியாவிலிருந்து எவ்வளவு கறக்கலாம் என்று ஆறு பேர்வரை போட்டிபோடும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. பெயர் ‘ஜான் கம்பெனி’. கும்பினிக்கு அந்தக் காலத்தில் வழங்கிய செல்லப்பெயர் அது. வடிவமைத்தவர் அமெரிக்கரான கோல் வேர்லி. முதல் பதிப்பு 2017இல் வந்தது. விதிகளைப் பெருமளவு மாற்றி எழுதிய இரண்டாம் பதிப்பு 2022இல், அவரும் சகோதரர் ட்ரூவும் சேர்ந்து நடத்தும் நிறுவனத்தின் வழியாக வந்தது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாம் பதிப்பைப் பற்றியது.

இதை நாங்கள் ஆடுவது ஸ்ரீபெரும்புதூரில். மேசையைச் சுற்றி உட்காருகிறவர்கள் ஒரகடம், வல்லம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பர்ச்சேஸ், குவாலிட்டி, லாஜிஸ்டிக்ஸ் என்று வேலை பார்ப்பவர்கள். ஆடும் இடத்துக்கும் ஆட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. பலகையில் இந்தியா எட்டுப் பகுதிகள். அதில் ஒன்று மதராஸ். கோட்டையையும் அதை ஒட்டிய ஊர்களையும் தாண்டி, அந்த மதராஸ் கட்டத்துக்குள் முதலில் வந்து சேர்ந்த பெரிய நிலப்பரப்பு செங்கல்பட்டு ஜாகீர். 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி கும்பினிக்கு எழுதிக்கொடுத்தது. இன்று இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் ஒரகடத்தில் ரெனோவும் டெய்ம்லரும் நிற்கிற வட்டாரம் அதற்குள் அடக்கம். நாங்கள் ஒரு கட்டத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு அதே கட்டத்தை ஏலம் போடுகிறோம்.

ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஓர் ஆங்கிலக் குடும்பம். தம்பி, மகன், மருமகன் என்று ஆட்களைக் கும்பினிக்குள் நுழைக்க வேண்டும். சேர்மன், வணிக இயக்குநர், கப்பல் மேலாளர், வங்காளம், பம்பாய், மதராஸ் மூன்றுக்கும் தலைவர்கள் எனப் பதவிகள் உண்டு. கீழே ரைட்டர்கள், படை அதிகாரிகள். கும்பினியின் பெட்டிப் பணம் ஒன்றுதான். அதைப் பங்கிடுவதில்தான் எல்லா வம்பும். கும்பினி திவாலானால் ஆட்டமே முடிந்துவிடும், ஆகவே அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஆனால் கும்பினி கொழித்தால் மட்டும் யாரும் ஜெயிப்பதில்லை. உங்கள் குடும்பத்து ஆள் பதவியிலிருந்து ஓய்வு பெற்று, கையில் சேர்த்த காசைக் கொடுத்து இங்கிலாந்தில் மாளிகையோ மதிப்போ வாங்க வேண்டும். புள்ளி அங்கேதான் விழுகிறது.

ஒரு சுற்றை அருகில் வைத்துப் பார்க்கலாம். மதராஸ் தலைவர் வணிகம் செய்யப் போகிறார். செலவிடும் ஒவ்வொரு காசுக்கும் ஒரு பகடை. விழுந்தவற்றில் ஆகச் சிறிய எண் ஒன்றோ இரண்டோ என்றால் காரியம் ஜெயம். எல்லாமே பெரிய எண்ணாக விழுந்தால் பதவிக்கே ஆபத்து. எனவே அவருக்குக் காசு வேண்டும், கப்பலும் வேண்டும். காசு சேர்மனிடம், கப்பல் வேறொருவர் கையில். “ரெண்டு கப்பல் மதராஸுக்கு விடு மச்சி, அடுத்த ரவுண்டுல உன் பையன ரைட்டரா போட்டுடறேன்” என்கிறார் எங்கள் மதராஸ் தலைவர். வார நாட்களில் வெண்டர் பேமென்ட் பார்ப்பவர் அவர். கப்பல்காரர் ஒரு கப்பல்தான் தருகிறார். மற்றதை பம்பாய்க்கு அனுப்புகிறார், ஏனென்றால் பம்பாயில் அவர் மாமன் மகன் இருக்கிறான். மதராஸில் எவ்வளவு துணி ஏற்றப்படும் என்பது இப்படி முடிவாகிறது. அந்தத் துணியை நெய்தது யார் என்று மேசையில் யாரும் கேட்கவில்லை. கேட்க விதியிலும் இடமில்லை.

இந்த ஆட்டத்தின் பெரிய பலம் இதுதான் என்பேன். காலனியத்தைப் பற்றி நம் பாடப்புத்தகமும் சினிமாவும் காட்டுவது மீசை முறுக்கிய கொடுங்கோல் துரையை. வேர்லி காட்டுவது ஓர் அலுவலகத்தை. கெட்டவன் என்று விரல் நீட்ட அங்கே ஒருவரும் இல்லை. பதவி உயர்வுக்கு அலைகிறவர்கள், பட்ஜெட்டை இழுத்துப் பிடிக்கிறவர்கள், ஓய்வு நெருங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்ரைசல் மாதத்தில் அலுவலகத்தில் இருந்தவர் எவருக்கும் விதிப்புத்தகத்தைப் புரட்டாமலே பாதி ஆட்டம் விளங்கிவிடும். கும்பினிக்கு நஷ்டம் என்று தெரிந்தும் படையெடுப்பை ஆதரிக்கிறோம், ஏனென்றால் கொள்ளையில் பங்கு படைக்குப் போன நம் வீட்டுப் பையனுக்கு வரும்.

மதராஸின் உண்மை வரலாறு இதைவிட நாகரிகமாக இருந்ததாகவும் சொல்ல முடியாது. 1776 ஆகஸ்டில் கவர்னர் பிகட்டை அவருடைய கவுன்சில் உறுப்பினர்களே கைது செய்தார்கள். சண்டை தஞ்சாவூர் வருவாய் யாருக்கு என்பது பற்றி. கும்பினியில் சம்பளத்துக்கு வந்து, நவாபுக்கு வட்டிக்கு விட்டுக் கொழுத்த பால் பென்ஃபீல்டு, அந்த வருவாயில் தனக்குப் பாத்தியதை உண்டு என்றார். பிகட் அதை மறுத்தார். மறு ஆண்டு மே மாதம் காவலில் இருக்கும்போதே பிகட் இறந்துபோனார். பென்ஃபீல்டு பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் உறுப்பினரானார். நவாபின் கடன்கள் குறித்து எட்மண்ட் பர்க் 1785இல் பாராளுமன்றத்தில் ஆற்றிய நீண்ட உரை இந்தக் கூட்டத்தைப் பற்றியதுதான். இந்த ஆட்டத்தை ஆடிவிட்டு அந்தக் கதையைப் படித்தால் விசித்திரமாகவே படாது. நானும்தான் கைது செய்திருப்பேன் என்று தோன்றும். அந்த உறுத்தலை உண்டாக்குவது ஆட்டத்தின் நோக்கம், அதில் அது ஜெயிக்கிறது. பெட்டியைத் திறக்கும்முன் எல்லோருடைய சம்மதத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று வேர்லி கேட்டுக்கொள்வதும் வெறும் சம்பிரதாயம் இல்லை.

குறை இந்தியப் பக்கத்தில். அங்கே ஆட்டக்காரர் இல்லை. பகுதிகளின் வலிமையைக் காட்டக் கோபுரத் துண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு யானைப் பொம்மை வரைபடத்தில் நகர்கிறது. யானை நின்ற இடத்தைப் பொறுத்து ஓர் அரசு இன்னொன்றின் மேல் பாய்கிறது, அல்லது கலகம் வெடிக்கிறது. துறைமுகங்களில் வணிகம் அடைபடுகிறது. லண்டனிலிருந்து பார்த்தால் இந்தியா இப்படித்தான் தெரிந்தது என்று இதை நியாயப்படுத்துவார்கள். சரி. ஆனால் ஆட்டம் லண்டன் பார்வையைக் காட்டுவதோடு நிற்கவில்லை, அதையே விதியாக்குகிறது. யானை நிகழ்வுச் சீட்டுகளின்படி நகர்கிறது. சீட்டுக்குத் திட்டம் கிடையாது, கோபம் கிடையாது, கணக்கும் கிடையாது.

1780 செப்டம்பர் 10 அன்று, எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத புள்ளலூரில், கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் சேர்ந்து பிடித்தார்கள். பெய்லி வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்தார். கும்பினித் தளபதி ஹெக்டர் மன்றோவின் பெரிய படை காஞ்சிபுரத்தில் இருந்தது. இரண்டும் சேர்வதற்கு முன்பே அடிப்பது என்பது மைசூரின் யோசனை. இரண்டு படைத்தலைவர்களுக்கு நடுவே இருந்த தாமதத்தையும் தயக்கத்தையும் படித்து வைத்த அடி அது. ஆட்டத்தில் இதே தோல்வி வந்தால் எப்படி வரும்? யானை மைசூரிலிருந்து மதராஸ் பக்கம் திரும்பியிருக்கும், சீட்டு மோசமாக விழுந்திருக்கும், யாரோ “சே!” என்றிருப்பார்கள். சூழ்ச்சி முழுவதும் ஆங்கிலேயருக்கு, இயற்கைச் சீற்றம் முழுவதும் இந்தியருக்கு என்ற இந்தப் பங்கீடு வரலாற்றுப்படியே பிழை.

போர்க்களத்தை விடுங்கள், வரி வசூலுக்கு வருவோம். 1790களின் நடுவில் ஜாகீரின் கலெக்டராக வந்தவர் லயனல் பிளேஸ். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதையில் குடைபிடித்துக்கொண்டு கரைக்குப் போகிறாரே, அதே துரை. கதையில் பக்தியில் உருகும் பிளேஸ், கச்சேரியில் கறாரானவர். கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்து வரியை ஏற்றினார். மிராசுதாரர்கள் பலர் பயிரிட மறுத்தார்கள், ஊரைவிட்டே வெளியேறினார்கள். விதைக்காத நிலத்தில் வரி எங்கிருந்து வரும்? கும்பினி இறங்கிவந்து பேச வேண்டியிருந்தது. யூஜின் இர்ஷிக் 1994இல் இந்த ஜாகீரை வைத்து எழுதிய நூலின் வாதமே, நிர்வாகம் இங்கே மேலிருந்து இறங்கியது மட்டுமல்ல, உள்ளூர்க்காரர்களோடு நடந்த இழுபறியில் உருவானது என்பதுதான். அந்த இழுபறிக்குப் பலகையில் ஒரு காய்கூட இல்லை.

இதற்கு ஆட்டப் பிரியர்கள் சொல்லும் பதில் வலுவானது, ஒதுக்கிவிட முடியாது. இந்தியப் பக்கத்துக்கு ஓர் ஆட்டக்காரரைப் போட்டால் இது சமமான போட்டி என்ற பொய் வந்துவிடும்; தோற்றவர் சரியாக ஆடவில்லை, அதனால் தோற்றார் என்றாகிவிடும். அதைவிட நாற்காலியைக் காலியாக விடுவது நேர்மை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எதிரெதிர்ப் பக்கம் என்றாலே சமபலம் என்று யார் சொன்னது? கோயில் மண்டபத் தரைகளில் செதுக்கியிருக்கும் ஆடுபுலி ஆட்டத்தைப் பாருங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி வெட்டும், ஆடு வெட்டாது. ஒருவர் ஆட்டின் பக்கம் உட்கார்ந்தே ஆக வேண்டும். நெருங்கி நின்று வழியடைப்பதைத் தவிர அவருக்கு வேறு ஆயுதமில்லை, ஆனால் அதை வைத்தே ஜெயிக்கலாம். பலத்தில் இருக்கிற ஏற்றத்தாழ்வை மறைக்காமலே இரண்டு பக்கத்துக்கும் புத்தி உண்டு என்று சொல்கிற வடிவம் நம்மிடம் பழைய காலம்தொட்டே இருக்கிறது. (பரமபதத்தை எடுத்துக்கொண்டுபோய்ப் பாவபுண்ணியத்தைக் கழற்றிவிட்டு விற்றவர்கள், ஆடுபுலியைக் கண்டுகொள்ளாமல் விட்டது ஆச்சரியம்தான்.)

மற்ற காலனிய ஆட்டங்களோடு வைத்துப் பார்த்தால் ‘ஜான் கம்பெனி’ பல படி மேலே இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2002இல் வந்த ‘போர்ட்டோ ரிக்கோ’வில் பழுப்பு வட்டுகளைக் கப்பலிலிருந்து இறக்கித் தோட்டத்தில் வைப்போம், ‘குடியேறிகள்’ என்று அவற்றுக்குப் பெயர். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் யார் என்று தெரிந்தும் இத்தனை வருஷம் ஆடினார்கள். பிறகு காலத்தை 1897க்கு நகர்த்தி ஒரு பதிப்பு போட்டார்கள். ‘மொம்பாசா’ என்ற இன்னொரு காலனிய ஆட்டத்தை நிலவுக்கே அனுப்பிவிட்டார்கள், இப்போது அது ‘ஸ்கைமைன்ஸ்’. 2019இல் ஜிஎம்டி நிறுவனம் ஆப்பிரிக்கப் பங்கீடு பற்றிய ஓர் ஆட்டத்தை எதிர்ப்புக்குப் பின் வெளியிடாமலே கைவிட்டது. வேஷம் மாற்றுவது, கைவிடுவது என்ற இந்த இரண்டு வழியும் போகாமல் வேர்லி விஷயத்தை நேரே எடுத்து மேசையில் வைத்தார். அதனால்தான் அவரிடம் கூடுதலாகக் கேட்கத் தோன்றுகிறது.

இந்தத் தொழிற்சாலைக் காரிடாரில் இதை ஆடும்போது ஓர் ஒப்பீடு தானாக வந்து விழும்: அன்றைக்குக் கும்பினி, இன்றைக்குப் பன்னாட்டுக் கம்பெனி. எங்கள் மேசையிலும் விழுந்தது. எனக்கு அதில் சம்மதமில்லை. சம்பளம், ஓட்டு, தொழிற்சங்கச் சட்டம், கோர்ட் என்று நமக்கு இருக்கிற எதுவும் ஜாகீர் குடிகளுக்கு இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் ஆட்டம் இங்குள்ளவர்களை வேறுமாதிரி தொடுகிறது. நோக்கியா 2006இல் இங்கே உற்பத்தி தொடங்கியது. கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது, வரி வழக்கால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையிலிருந்து விடுபட்டது; 2014 நவம்பரில் மூடப்பட்டது. எங்கோ ஒரு மேசையில் யாரோ நகர்த்திய காய் இங்கே ஷிஃப்ட் பஸ்ஸை நிறுத்தும் என்பது இவ்வூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மறுபக்கமும் தெரியும். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு வேலையை நிறுத்தினார்கள்; ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது; மந்திரிகள் பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டியிருந்தது. அது யானை வழிதவறி வந்ததால் நடந்த காரியமில்லை. யானையைத் தள்ளும்போது எங்கள் மேசையில் சிலர் முகம் சுளிப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். ஆறு பேர் இருந்தால் நல்லது, மூன்று பேருக்குக் கீழே பேரத்தில் சுவையில்லை. அரை நாளை ஒதுக்கிவிடுங்கள். முதல்முறை 1710இல் தொடங்கும் ஆட்டத்தை ஆடுங்கள். 1813 தொடக்கம் தனிக் கம்பெனிகள், புது விதிகள் என்று புதியவரைத் திணறடிக்கும். பகடையைச் சபிக்கிறவர்களைக் கூப்பிட வேண்டாம்.

நாங்கள் ஒரு சொந்த விதியையும் போட்டுப் பார்த்தோம்: யானையை ஒருவர் கையில் கொடுத்துவிடுவது. சீட்டுக்குப் பதிலாக அவரே நகர்த்துவார். உடனே ஒரு மாற்றம் தெரிந்தது. அதுவரை தமக்குள் மட்டும் பேரம் பேசியவர்கள் அவர் பக்கம் திரும்பி விலை கேட்டார்கள். ஆனால் இறுதியில் அவருக்குப் புள்ளி எப்படிப் போடுவது என்பதில் மாட்டிக்கொண்டோம். கும்பினி திவாலானால் அவருக்கு வெற்றி என்றார் ஒருவர். அப்படியென்றால் அவர் நாட்டை எரித்தாவது அதைச் செய்வார். கட்டாமல் தப்பிய வரிக்குப் புள்ளி என்றார் இன்னொருவர். அது மிராசுதாரருக்குப் பொருந்தும், அவர் நிலத்தில் உழைத்த பண்ணையாளுக்குக் கும்பினி வந்தாலும் போனாலும் வேறு கணக்கு. அப்புறம் யானை ஒன்று போதாது, நவாப், மிராசுதாரர், நெசவாளர், பண்ணையாள் என்று நான்கு வேண்டும் என்ற இடத்துக்குப் பேச்சு வந்தது. நாலு பேரின் லாபமும் ஒன்றுக்கொன்று முட்டும். விதி இன்னும் எழுதி முடியவில்லை.