கயிறு திரிப்பவனும் கவிஞரும்

1925இல் ஜேர்மனியின் எசன் நகரில் யூதக் குடும்பத்திற் பிறந்த ஆன் ரணசிங்க, 1939இல் தனியே இங்கிலாந்து சேர்ந்து உயிர் தப்பினார். பெற்றோரை நாஜிகள் கொன்றனர். பின்னர் இலங்கை மருத்துவர் ஒருவரை மணந்து கொழும்பிற் குடியேறி, 2016இற் காலமானார். ‘அட் வட் டார்க் பொயின்ட்’ என்னும் அன்னாரது ஆங்கிலக் கவிதையில், மரநிழலிலே ஒருவன் நாள்தோறும் கயிறு திரிக்கிறான். அவன்பாற் குற்றமேதுமில்லை, மாடு கட்டக் கயிறு திரிப்போர் நம் வன்னியிலும் உளரன்றோ? கவிஞருக்கோ அக்கயிற்றிற் கொலைக்களம் தோன்றுகிறது. அக்கொடுங்காலம் மீளவும் வரலாம் என இறுதியடிகள் வெளிப்படையாகவே எச்சரிக்கின்றன. குறிப்பாற் பெறவைக்காது வெளிப்படக் கூறியதைக் குறையென்றே யாம் முன்னர்க் கருதினோம். 2009இன் பின் ஜெயபுரத்திலிருந்து மீளப் படிக்கையில், அதனைக் கூறாது விட்டிருப்பின் அதுவே குறையாகியிருக்கும் என்று தோன்றுகிறது.