நெடுமொழியும் பெயரன் உறவும்: அறிவின் ‘வள்ளியம்மா பேராண்டி’ – கோலார் தங்கவயல் வரலாற்றின் ஒளியில்

முன்னுரை

குழுவாகப் பாடிப் புகழ்பெற்ற கலைஞர் ஒருவர் தனித்தொகுப்பு வெளியிடும்போது, குழுவின் குரல் என்னவாகிறது என்னும் வினா எழுவது இயல்பு. சொல்லிசைக் கலைஞர் அறிவு 2024ஆம் ஆண்டு வெளியிட்ட ‘வள்ளியம்மா பேராண்டி’ முதல் தொகுதி இவ்வினாவை எழுப்புகிறது. அரக்கோணத்தைச் சேர்ந்த இவர், 2018 சனவரியில் சென்னையில் அரங்கேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் வழியாக அறியப்பட்டார். 2019இல் வந்த ‘தெருக்குறள்’ இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் இணைந்து உருவாக்கியது. எனவே 2024ஆம் ஆண்டுத் தொகுப்பையே இவருடைய முதல் தனித்தொகுப்பாகக் கொள்ளலாம்.

குழுவின் பெயர், சாதியற்ற தமிழர் என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) கருத்திலிருந்து எடுக்கப்பட்டது. அப்பண்டிதரின் எழுத்து அழியாமல் காத்ததில் கோலார் தங்கவயலுக்குப் பெரும் பங்கு உண்டு. எனவே இத்தொகுப்பின் தலைப்பை அந்நிலத்தின் வரலாற்றோடு சேர்த்து நோக்க இக்கட்டுரை முற்படுகிறது.

கூட்டுப் பெயரும் தங்கவயலும்

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலாரில் சுரங்கப் பணியை ஏற்ற பின்னர், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்தும் அண்டைப் பகுதிகளிலிருந்தும் தமிழர் பலர் அங்குக் குடியேறினர். அவருள் ஒடுக்கப்பட்ட மக்களே மிகுதி. அரக்கோணமும் பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்ததே. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழுக்கும் அவருடைய பௌத்த இயக்கத்திற்கும் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் பகுதித் தொழிலாளர் துணைநின்றனர். பண்டிதரின் மறைவுக்குப் பின் 1926இல் ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். நிலத்தடியில் ஈட்டிய கூலி தமிழ் அச்செழுத்தாக மாறிய வரலாறு இது. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பண்டிதரை ஆய்வுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தது.

இவ்வரலாற்றில் ஒரு குறை உண்டு. பண்டிதர்களின் பெயர்கள் நிலைத்தன. இதழைத் தாங்கிய தொழிலாளருள் பெரும்பாலோர், குறிப்பாகப் பெண்கள், பெயரின்றி மறைந்தனர். கூட்டுப் பெயர் வலிமை தரும். ஆயின் அதனுள் அடங்கிய தனிப்பெயர்களை அது மறைத்துவிடவும் கூடும்.

நெடுமொழியின் இடமாற்றம்

தன்னைத் தானே உயர்த்திப் பாடுவது சொல்லிசையின் மரபு. இது தமிழுக்குப் புதிதன்று. வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துரைக்கும் நெடுமொழியைத் தொல்காப்பியம் புறத்திணையில் வைத்துக் கூறுகிறது. தற்புகழ்ச்சியைப் பொதுவாக ஏற்காத நன்னூலும் சில இடங்களில் அதற்கு இசைகிறது. தன் ஆற்றலை உணராதவர் நடுவிலும், எதிரி தன்னைப் பழிக்கும்போதும் தன்னைப் புகழ்தல் தகும் என்பது அதன் கருத்து. தலைமுறை தலைமுறையாகப் பழிக்கப்பட்டோரின் நெடுமொழிக்கு இதைவிடத் தெளிவான இலக்கண நியாயம் வேண்டியதில்லை.

முதல் தனித்தொகுப்பு என்பது இந்நெடுமொழிக்கு ஏற்ற களம். ஆனால் அறிவு தம் பெயரை நிறுத்தவேண்டிய தலைப்பில் பாட்டியின் பெயரை நிறுத்துகிறார். அவருடைய பாட்டி வள்ளியம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அரசுகள் எண்ணாகக் கணக்கிட்ட கூட்டத்திலிருந்து ஒரு பெயரைப் பிரித்தெடுத்து முன்வைக்கிறது இத்தலைப்பு. நெடுமொழியின் பொருள் பாடுவோனிடமிருந்து உழைத்தவளிடம் இடம்பெயர்கிறது.

பெயரன் என்னும் உறவு

‘பெயரன்’ என்பதன் மரூஉ ‘பேரன்’. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்னும் பொருளில் அமைந்த சொல் அது. அதன் கொஞ்சுமொழி வடிவமே ‘பேராண்டி’. முன்னெழுத்து தந்தையைக் குறிக்கிறது. சாதியும் சான்றிதழில் தந்தைவழியே எழுதப்படுவது வழக்கம். பாட்டியின் பெயருக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. பாட்டியின் பெயரால் தம்மை அறியச்செய்யும் பெயரன், சாதி பயணம் செய்யும் வழியை விட்டு உழைப்பு பயணம் செய்த வழியைத் தேர்கிறார். குழுவின் பெயர் கொள்கையாக உரைத்த சாதி மறுப்பு இங்கு உறவுமுறையாகிறது. எனவே தனித்தொகுப்பு கூட்டுக்குரலைத் துறக்கவில்லை. அதை வீட்டுக்குள் கொண்டு செல்கிறது.

எல்லைகள்

‘வள்ளியம்மா பேராண்டி’ ஆறாம் வேற்றுமைத் தொகை. அதில் தலைமைச் சொல் பேராண்டியே. வள்ளியம்மா அவரை அடையாளப்படுத்தும் சொல். உழைத்தவள் முன்நின்றும் எழுவாயாகவில்லை என்பது இத்தலைப்பின் எல்லை. தனிப்பெயரை வற்புறுத்துவது தன்முனைப்பு என்று கூறுவாரும் உளர். 2021இல் பெரும்புகழ் பெற்ற ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடலை எழுதி உடன்பாடிய அறிவு, அவ்வாண்டில் ஓர் ஆங்கில இசை இதழின் அட்டைப்படத்தில் இடம்பெறாதது விவாதத்திற்குள்ளானது. அந்நிகழ்வு, பெயர் சொல்லப்படுவதும் உழைப்பின் உரிமையே என்பதை உணர்த்தியது. ஆயினும் ஒரு பாட்டி அனைத்துப் பாட்டியருக்கும் பதிலியாகிவிடும் இடர் உண்டு. ‘முதல் தொகுதி’ என்னும் குறிப்பு தொடர்ச்சியை உறுதியளிக்கிறது. அத்தொடர்ச்சி பிற பெயர்களுக்கும் இடமளிக்குமா என்பதே இம்முயற்சியை மதிப்பிடும் அளவுகோலாகும்.

முடிவுரை

கோலார் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் வேலை நடந்த இடத்தில் இன்று கழிவு மண்மேடுகள் எஞ்சியுள்ளன. தொழிலாளரின் வழித்தோன்றல் பலர் நாள்தோறும் பெங்களூருக்குத் தொடர்வண்டியில் வேலைக்குச் செல்கின்றனர். இத்தொகுப்பு வெளியான 2024இல்தான், குழு உருவாகக் காரணமான பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ திரைப்படமும் வெளிவந்து தங்கவயலைப் பொதுநினைவுக்குக் கொணர்ந்தது. திரைப்படம் தொன்மத்தைப் படைத்தது; இசைத்தொகுப்பு ஒரு பெயரைச் சொன்னது. இரண்டாவது செயலே ஆய்வுலகம் பின்பற்ற எளிதானது. சுரங்கத்தில் இறங்கியோரும் அவர்தம் மனைவியரும் முதுமையில் உள்ளனர். அவர்களிடம் பாடல் சேகரிப்போர், பாடலுக்குக் கீழே ‘தகவலாளர்’ என்று எழுதாமல் அவரவர் இசைவுடன் பெயரை எழுதுவார்களாயின், தங்கவயல் தமிழுக்குச் செலுத்திய கூலிக்கு ஒரு சிறு கைம்மாறாக அது அமையும்.